சாம்பல் டிரைவர் பிறந்த வருடம்

ஒருவர் எந்த வருடம் பிறந்தார் என்பது உலகத்திலேயே சுலபமான கேள்வி என்று நினைத்துக்கொண்டுதான் நீங்கள் எல்லாரும் மனிதவளத் துறைக்கு வருகிறீர்கள். ஆதார் அட்டையைப் பார், கட்டத்தை நிரப்பு, அடுத்த ஆளைக் கூப்பிடு. நானும் அப்படித்தான் வந்தேன். ஒரகடத்தில் கார்களுக்கு இருக்கை செய்து கொடுக்கும் ஒரு கொரியக் கம்பெனியில் பணியாளர் நல அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எஸ்தர் மேடம் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். சம்பள உயர்வு, ஸ்டிரைக், பஸ் தகராறு எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஆனால் என்னைத் திணற அடித்தது இந்தச் சுலபமான கேள்விதான்.

முதலில் கேக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் பிறந்தநாள் அன்று கேண்டீனில் கேக் வெட்ட வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வருடம் உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. பிப்ரவரியில் ஒன்றிரண்டு பேர், மார்ச்சில் ஒன்றிரண்டு பேர் என்று அழகாகப் போய்க்கொண்டிருந்தது. மே மாதக் கடைசி வந்தது. பாதி வெல்டிங் ஷாப்பும் ஒரே வாரத்தில் பிறந்திருந்தது. பேக்கரிக்காரர் போன் செய்து, "மேடம், உங்க கம்பெனியில ஏதாவது கல்யாணமா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடம் திறக்கும்போது பையனுக்கு வயது சரியாக இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்துத் தலைமையாசிரியர்கள் கைக்கு வந்த தேதியைப் போட்டுச் சேர்த்துவிட்டார்கள். வல்லத்துக்காரர் ஒருவர் கையில் கேக் துண்டோடு என்னிடம் வந்து நின்றார். "இது வாத்தியார் வெச்ச பொறந்த நாளு மேடம். எங்கம்மா பெத்த பொறந்த நாளு கார்த்திகை தீபத்துக்கு மறுநாளு. அன்னிக்கும் கேக் உண்டா?" என்றார். ஒரு ஆளுக்கு ஒரு பிறப்புதான் என்று சொல்லி அனுப்பினேன். தெற்கிலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருந்த இளைஞர்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது, எல்லாரும் ஆஸ்பத்திரியில் தேதியோடு பிறந்தவர்கள். அவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராக ஒழுங்காகச் சாப்பிட்டார்கள்.

இப்போது பெரிய கதைக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனியைத் தொடங்கியவர் 1915-ல் பிறந்தவர் என்று எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கும். அவருடைய நூற்றாண்டு வந்தது. கம்பெனி இருக்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஆலைக்குள் ஒரு சுவர் எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்தார்கள். நடுவில் நிறுவனரின் படம். சுற்றிலும் அதே ஆண்டு அந்த ஊர்ப்பக்கம் பிறந்த குறிப்பிடத்தக்கவர்களின் படங்கள். நிறுவனரின் மகன்தான் அப்போது சேர்மன். அவரே நேரில் வந்து திறந்து வைப்பார். எங்கள் ஆலையில் அந்தச் சுவர் என் தலையில் விழுந்தது.

எனக்கு உதவிக்கு விக்னேஷ் என்று ஒரு தம்பி இருந்தான். திருநெல்வேலிக்காரன், வேலைக்குச் சேர்ந்த புதிது, உங்களைப் போலவே எதைக் கேட்டாலும் கணினியைத் திறப்பான். மறுநாளே ஒரு பட்டியலை நீட்டினான். பாடகர், நடிகை, விஞ்ஞானி, நாடாண்டவர் என்று உலகத்தில் அந்த வருடம் பிறந்த பெரிய மனிதர்கள் வரிசையாக இருந்தார்கள்.

"இவங்கள்ல ஒருத்தராவது ஒரகடம் பக்கம் வந்திருப்பாங்களா தம்பி?" என்றேன்.

"வந்திருக்க மாட்டாவ மேடம். ஆனா படம் எல்லாம் நல்லா கிளியரா கெடைக்கி."

படம் கிளியராகக் கிடைப்பதால் ஒருவர் நம் ஊர்க்காரர் ஆகிவிட மாட்டார் என்று சொல்லிப் பட்டியலைத் திருப்பிக் கொடுத்தேன். கேண்டீனில் அறிவிப்பு ஒட்டினோம். அந்த வருடம் பிறந்து, ஊரில் பேர் வாங்கியவர் யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டா? உண்டென்றால் படத்தோடு வாருங்கள். வந்தார்கள் ஐயா, வந்தார்கள். ஒருவர் தன் மாமனாரின் படத்தைக் கொண்டு வந்தார். மாமனார் எதற்குப் பேர் வாங்கியவர் என்று கேட்டேன். "கோவத்துக்கு மேடம்," என்றார். மனசே இல்லாமல்தான் அதை வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

கடைசியில் ஏழெட்டுப் பேர் தேறினார்கள். படப்பையில் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு வாத்தியார், தெருக்கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டியவர், மல்யுத்தக்காரர் ஒருவர், இப்படி. எல்லாரிலும் என் மனதுக்குப் பிடித்தவர் மண்ணூர் மிக்கேல். அவர் படத்தைக் கொண்டு வந்தது எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் லூர்து. மிக்கேல் அவனுடைய தாத்தா.

அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். காக்கிச் சட்டை போட்ட ஒல்லியான மனிதர் ஒரு பஸ்ஸின் மேல் சாய்ந்து நிற்கிறார். பஸ்ஸின் பின்பக்கம் பெரிய இரும்பு டிரம் ஒன்று முளைத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், கரியை எரித்து அதில் வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அப்படிப்பட்ட பஸ்ஸை ஓட்டியவர் மிக்கேல். அணைத்தால் மறுபடி கிளப்புவது பெரிய பாடு என்பதால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதும் வண்டியை அணைக்க மாட்டாராம். கோயில் வாசலில் அது உறுமிக்கொண்டே நிற்குமாம், உள்ளே சாமியார் குரலை உயர்த்திப் பூசை வைப்பாராம். ஊரில் அவருக்குச் சாம்பல் டிரைவர் என்று பேர். மண்ணூர் ரோட்டில் இன்றைக்கும் ஒரு நிறுத்தத்துக்குச் சாம்பல் ஸ்டாப்பிங் என்றுதான் ஷேர் ஆட்டோக்காரர்கள் கூவுகிறார்கள். ஏன் அந்தப் பேர் என்று கேட்டால் பக்கத்தில் செங்கல் சூளை இருந்திருக்கும் என்பார்கள்.

"எந்த வருஷம் பொறந்தாருன்னு தெரியுமா லூர்து?" என்றேன்.

"ராட்சச வருஷம்னு எங்கப்பா சொல்லுவாரு மேடம். இங்கிலீஷ் வருஷம்லாம் தெர்யாது."

விக்னேஷ் அங்கேயே தட்டிப் பார்த்தான். தமிழ் வருடங்கள் அறுபதில் ராட்சச வருடம் 1915 என்று வந்தது. "அச்சுல வார்த்த மாதிரி உக்காருது மேடம்," என்று துள்ளினான். படத்துக்குக் கீழே வாசகமும் அவனே எழுதினான்: 'கரி வாயுப் பேருந்தை ஓட்டி, எந்நேரமும் முகத்தில் சாம்பல் படிந்திருந்ததால் சாம்பல் டிரைவர் என அழைக்கப்பட்டவர்.' படித்துப் பார்த்தேன். எனக்கும் பொருத்தமாகத்தான் பட்டது.

லூர்துவின் அப்பா ஆரோக்கியத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் ஆலையின் கேட்டில்தான் வருடக்கணக்காகக் காவலாளியாக நின்றார். ஒப்பந்தக் காவலர்கள் உள்வாசலைத் தாண்டக் கூடாது என்பது விதி. வெயிலிலும் மழையிலும் நின்று, உள்ளே போகும் ஒவ்வொரு காருக்கும் சல்யூட் வைத்தவர், உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்காமலே வயதாகி நின்றுவிட்டார். இப்போது அவருடைய நைனாவின் படம் உள்வாசலைத் தாண்டி வரவேற்புக் கூடத்தில் மாட்டப்போகிறது. அவருக்கு அழைப்பு கொடுத்து அனுப்பினேன். "ஒரு வாரமா அந்த வெள்ளச் சட்டையயே இஸ்திரி போட்டுகினு கீறாரு மேடம்," என்று லூர்து சிரித்தான்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் அசெம்பிளி லைனுக்கு மேலே நீளமாக ஒரு மஞ்சள் கயிறு ஓடும். யார் கண்ணிலாவது குறை பட்டால் அதை இழுக்க வேண்டும். ஒரு பாட்டு ஒலிக்கும், லைன் நிற்கும். நேற்றுச் சேர்ந்தவனும் இழுக்கலாம், யாரும் திட்டக் கூடாது. மஞ்சள் கயிறு என்பதால் பையன்கள் அதற்குத் தாலி என்று பேர் வைத்திருந்தார்கள். "குறையைப் பாத்தும் கயித்த இழுக்காதவன்தான் குத்தவாளி," என்று புதிதாக வரும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பாடம் எடுத்தவள் நான். எடுத்து எடுத்து எனக்கே அது மனப்பாடம்.

திறப்பு நாள் காலை மண்ணூரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஆரோக்கியம் ஐயா முன்னால் வந்தார். உள்வாசலில் ஒரு நொடி தயங்கி, செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று சொல்லி அழைத்து வந்தேன். நைனாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கண் கலங்கியது. பிறகு கீழே இருந்த வாசகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்து முடித்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா மேடம் இது, கரியால வந்த பேருன்னு போட்டுகீறீங்க? எங்க நைனா பஸ்ஸ கண்ணால பாக்கறதுக்கு முன்னயே சாம்பல்தான். சாம்பல் புதன் அன்னிக்கிப் பொறந்தவரு. எங்க ஆயா கோயில்ல நெத்தியில சாம்பல் வாங்கிகினு வூட்டுக்கு வந்தாங்களாம், வந்த கையோட வலி எடுத்துகிச்சாம். சாமியாரு வெச்ச பேரு மிக்கேலு. ஊரு வெச்ச பேரு சாம்பலு."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நான் சி.எஸ்.ஐ. சபைக்காரி. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களை எங்கள் வீட்டில் லெந்து நாட்கள் என்போம், மண்ணூரில் தவக்காலம் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அது சாம்பல் புதனில்தான் தொடங்கும். சாம்பல் புதன் தேதி மாறி மாறி வரும், ஆனால் பிப்ரவரி, மார்ச்சைத் தாண்டிப் போகாது. தமிழ்க் கணக்கில் மாசி அல்லது அதை ஒட்டிய நாட்கள். ராட்சச வருடமோ 1915 சித்திரையில் பிறந்தது. அது மாசியைத் தொடுவதற்குள் ஆங்கில வருடம் மாறிவிடும். ஆக மிக்கேல் பிறந்தது 1916-ல். சுவரின் தலையில் இத்தனை பெரிய எழுத்தில் '1915-ல் பிறந்தவர்கள்' என்று எழுதியிருந்தது.

விக்னேஷை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னேன். அவன் முகம் வெளுத்தது. பிறகு உடனே தெளிந்தது, அந்த வயதில் அப்படித்தான் தெளியும். "யாரு மேடம் கண்டுபிடிக்கப் போறா? கொரியாக்காரனுவளுக்கு ராட்சசனும் தெரியாது, சாம்பலும் தெரியாது. நம்ம சும்ம இருந்தா முடிஞ்சு போச்சுல்லா?"

"அந்தக் கயித்துக்குக் கீழ நின்னு நான் என்ன பாடம் எடுத்தேன்?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான்.

விஷயம் ஆலைத் தலைவர் காதுக்குப் போனது. அவர் நல்ல மனிதர், ஆனால் சேர்மன் வரும் நாளில் நல்ல மனிதர்கள் எல்லாரும் கொஞ்சம் குறைந்துபோவார்கள். போனைக் காதில் வைத்தபடியே வந்தார். "சேர்மன் கார் படப்பை தாண்டிருச்சு எஸ்தர். தப்பான நம்பரைக் கண்டா சேர்மனுக்கு ஆகவே ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும். அந்தப் படத்தை மட்டும் இறக்கிடுங்க. அந்தப் பெரியவருக்கு ஒரு சால்வை, ஒரு மொமெண்டோ குடுத்து கேண்டீன்ல உக்கார வெச்சிடலாம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் முதன்முதலில் வேலை பார்த்த மறைமலை நகர் கம்பெனியில் எனக்கு ஒரு மேலாளர் இருந்தார். கோபம் வரும்போது பதில் பேசுவதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாகக் குடிப்பார். எதிரில் நிற்பவர் யாராக இருந்தாலும் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். அவரிடம் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் அது ஒன்றுதான். அன்றைக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு யோசித்தேன்.

விக்னேஷுக்கு அதற்குள் ஒரு யோசனை வந்துவிட்டது. "மேடம், தலைப்ப மட்டும் மாத்திருவோம். ராட்சச வருசத்துல பொறந்தவங்கன்னு போட்டுட்டா? டிரைவர் தாத்தா உள்ள வந்துருவாருல்லா?"

"சேர்மனோட அப்பாவை ராட்சசன்னு செவுத்துல எழுதப் போறியா?" என்று ஆலைத் தலைவர் கத்திவிட்டார். அது மட்டுமல்ல. படப்பை வாத்தியார் பிறந்தது 1915 பொங்கல் சமயத்தில். ராட்சச வருடம் அப்போது தொடங்கவே இல்லை, அது அதற்கு முந்தைய ஆனந்த வருடம். டிரைவரை உள்ளே இழுத்தால் வாத்தியார் வெளியே விழுவார். வாத்தியாருடைய பேரன்களும் கோட்டுப் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கேதான் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கூடத்தின் மூலையில் நின்று, யாருடைய படம், என்ன தலைப்பு, சேர்மன் என்ன சொல்வார் என்று பேசித் தள்ளினோமே தவிர, யாருக்கு அது வலிக்குமோ அவரிடம் யாரும் பேசவில்லை. நம் துறையில் நடக்கிற கூட்டங்கள் முக்கால்வாசி இப்படித்தான். நான் அவர்களை விட்டுவிட்டு நேராக ஆரோக்கியம் ஐயாவிடம் போனேன்.

உள்ளதை உள்ளபடி சொன்னேன். உங்கள் நைனா ராட்சச வருடம்தான், ஆனால் சாம்பல் புதன் என்றால் இங்கிலீஷ் கணக்கில் அடுத்த வருடம் ஆகிறது, தப்பு எங்களுடையது என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"நான் பேசாம வாய மூடிகினு இருந்திருக்கலாம்," என்றார்.

"அப்படிச் சொல்லாதீங்க ஐயா."

"அப்ப எடுத்துருவீங்களா?"

"எடுக்கணும்னு சொல்றாங்க. நான் இன்னும் சரின்னு சொல்லல."

அவர் படத்தின் பக்கம் திரும்பினார். பிறகு கையை உயர்த்திச் சட்டத்தின் ஓரத்தில் வைத்தார். "எடுக்கறதா இருந்தா நானே எடுத்துகினு போறேன் மேடம். வேற எவனும் எங்க நைனா மேல கை வெக்கக் கூடாது. அந்த சேர்மன் வர்ற வரிக்கும் இப்டியே நிக்கிறேன். அவரு வாயால சொல்லட்டும்."

அவர் சொன்னது நியாயம். எனக்கும் வழி தெளிந்துவிட்டது. படம் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், குறையை நான் சேர்மனிடமே சொல்கிறேன் என்று ஆலைத் தலைவரிடம் சொன்னேன். "உங்க வேலைக்கு நீங்களே உலை வெக்கறீங்க எஸ்தர்," என்றார். ஆனால் தடுக்கவில்லை. தடுக்க நேரமும் இல்லை, வாசலில் கார் வந்து நின்றது.

சேர்மன் குள்ளமான, மெலிந்த, வயதான மனிதர். அவருக்குக் கொரிய மொழியில் சொல்ல எங்களிடம் நந்தினி இருந்தாள். படப்பைப் பெண், கொரிய மொழி படித்துவிட்டு எங்களிடம் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருந்தாள். மாலை போட்டார்கள், விளக்கு ஏற்றினார்கள், சேர்மன் சுவருக்கு முன்னால் வந்தார். தன் அப்பாவின் படத்துக்குக் குனிந்து வணங்கினார். பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சட்டத்தில் கை வைத்தபடி அசையாமல் நிற்கும் ஆரோக்கியம் ஐயாவைப் பார்த்ததும் நின்றார்.

"நந்தினி, சொல்லுமா," என்றேன். "இந்தச் சுவத்துல ஒரு குறை இருக்கு. நான் கயித்த இழுக்கிறேன்னு சொல்லு."

நந்தினி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "மேடம், மெய்யாலுமே சொல்லணுமா?"

"சொல்லு."

சொன்னாள். சேர்மன் என்னைப் பார்த்து, மேலே சொல் என்பதுபோல் தலையசைத்தார். நான் தமிழ் வருடத்தைச் சொன்னேன், சாம்பல் புதனைச் சொன்னேன், இரண்டையும் பொருத்தியதில் நாங்கள் செய்த தவற்றைச் சொன்னேன். இவர் அந்த டிரைவரின் மகன், பல வருடம் நம் கேட்டில் காவல் நின்றவர், படத்தை எடுக்க வேண்டுமானால் அவர் கையாலேயே எடுப்பார் என்றும் சொன்னேன்.

சேர்மன் ஏதோ கேட்டார். "தமிழ் வருஷத்துக்கு மொத்தம் எத்தன பேருன்னு கேக்கறாரு மேடம்," என்றாள் நந்தினி.

"அறுபது. அறுபதும் முடிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்து வரும்."

அதைக் கேட்டதும் அவர் புருவம் உயர்ந்தது. நந்தினியிடம் நீளமாகப் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே போனார். எங்களுக்குத் திரும்பிச் சொல்ல வேண்டிய நந்தினி, சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஆலைத் தலைவர் வியர்த்துக் கொட்டிவிட்டார். "என்னம்மா, என்ன சொல்றாரு?" என்று அதட்டினார்.

"சார், அவங்க ஊர்லயும் வருஷத்துக்கு அறுபது பேராம். முடிஞ்சா மறுபடி மொதல்லேர்ந்தாம். அவங்கப்பா பொறந்தது முயல் வருஷமாம். அதுலயும் கடைசி மாசமாம், கெணத்துத் தண்ணியே ஒறஞ்சு போற மாசம். இங்கிலீஷ் கணக்குல பாத்தா அது 1916 சார்! புஸ்தகம் போட்டவங்க முயல் வருஷம்னதும் 1915-னு போட்டுட்டாங்களாம். வூட்ல எல்லாருக்கும் தெரியுமாம், ஆபீஸ்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லலயாம்."

"அப்பம் நான் ஒருத்தன் மட்டும் இல்லல்லா," என்று பின்னாலிருந்து விக்னேஷின் குரல் நிம்மதியாக வந்தது.

சேர்மன் மெதுவாக நடந்து போய்த் தன் அப்பாவின் படத்தருகே நின்றார். ஆரோக்கியம் ஐயா செய்திருந்ததைப் போலவே சட்டத்தின் ஓரத்தில் கையை வைத்தார். ஆரோக்கியம் ஐயாவைப் பார்த்து ஏதோ சொன்னார். நந்தினி இப்போது சிரிக்கவில்லை.

"எடுக்கணும்னா ரெண்டு பேரும் சேந்து எடுப்போம்ன்றாரு ஐயா. இல்லன்னா ரெண்டு படமும் இருக்கட்டும்ன்றாரு."

ஆரோக்கியம் ஐயா கையைக் கீழே இறக்கி, பழைய ஞாபகத்தில் விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். சேர்மனும் கையைக் கீழே இறக்கினார். சல்யூட் வைக்கவில்லை, இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார். மண்ணூர் வேன்காரர்கள் தட்டிய கைதட்டலில் லைனில் வேலை பார்த்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ராட்சச என்றால் என்ன பொருள் என்றும் சேர்மன் விடாமல் கேட்டார். நந்தினி தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் அப்பாவின் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொருத்தம்தான் என்றார். கோபத்துக்குப் பேர் வாங்கிய அந்த மாமனாரையும் சுவரில் சேர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு தலைப்புக்கு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. 1915 என்று போட்டால் இரண்டு பேர் வெளியே, ராட்சசன் என்று போட்டால் வாத்தியார் வெளியே, முயல் என்று போட்டால் மண்ணூரில் யாருக்கும் புரியாது. ஆலைத் தலைவர் கமிட்டி போடலாம் என்றார். ஆரோக்கியம் ஐயாதான் சொன்னார். "வூட்டுக் கணக்குன்னு போடுங்க சார். எங்க வூட்ல ராட்சசன், அவங்க வூட்ல முயலு, வாத்தியாரு வூட்ல இங்கிலீஷு. அவங்கவங்க வூட்டுக் கணக்குக்கு எல்லாம் சரியாத்தானே கீது?"

விக்னேஷ் ஓடிப் போய் அச்சடித்துக்கொண்டு வந்து பழைய தலைப்பின் மேல் ஒட்டினான். 'அவரவர் வீட்டுக் கணக்கில் அந்த வருடம் பிறந்தவர்கள்.' பிறகு பித்தளையில் செய்து மாட்டினார்கள். படத்துக்குக் கீழே இருந்த கரிக் கதையையும் மாற்றிச் சாம்பல் புதன் என்று எழுதினோம். இப்போதும் அந்தக் கூடத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் அது ஏதோ தட்டச்சுப் பிழை என்று நினைத்துக் கடந்து போகிறார்கள்.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம், சேர்மன் அப்பாவும் 1916 ஆனதால் தப்பித்தீர்கள் என்று யாராவது சொல்வார்கள். அது உண்மைதான், அதிர்ஷ்டம் கை கொடுத்தது. ஆனால் அவர் அப்பா 1915-லேயே பிறந்திருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். திட்டு வாங்கியிருப்பேன், படமும் இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் அது ஆரோக்கியம் ஐயா கையால், அவருக்குக் காரணம் தெரிந்து இறங்கியிருக்கும். கேண்டீனில் அவர் சால்வையோடு உட்கார்ந்திருக்கையில் முதுகுக்குப் பின்னால் இறங்கியிருக்காது. நம் கையில் இருப்பது அவ்வளவுதான், ஆனால் அது நம் கையில் இருக்கிறது.

அடுத்த வருடம் மிக்கேலுக்கு உண்மையிலேயே நூறு வயது நிறைந்தது. சேர்மன் மறக்கவில்லை. தன் அப்பாவின் வீட்டுப் பிறந்தநாள் அன்று எங்கள் கேண்டீனில் எல்லாருக்கும் கடற்பாசி சூப் கொடுக்கச் சொன்னார், அவர்கள் ஊர் வழக்கம் அது. தெற்கத்திப் பையன்கள் அதை ரசம் என்று நினைத்துச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்கள். சாம்பல் புதன் அன்று மண்ணூருக்கு ஒரு பெரிய கேக் அனுப்பச் சொன்னார். மிக்கேலின் பேர் எழுதி, பஸ் படம் போட்டு, பின்னால் டிரம்கூட வைத்து, பேக்கரிக்காரர் அசத்திவிட்டார். நானும் விக்னேஷும் காரில் மடியில் வைத்துக்கொண்டு போனோம்.

ஆரோக்கியம் ஐயா வாசலுக்கு வந்தார். நெற்றியில் அன்று காலை கோயிலில் வாங்கிய சாம்பல் இருந்தது. கேக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. லெந்து தொடங்கும் நாள்! வீடு முழுக்க ஒருசந்தி, ஒரே வேளைச் சாப்பாடு. அந்த ஊரில் அன்று யாரும் கேக்கைத் தொட மாட்டார்கள்.

"ஐயோ ஐயா, இத நான் யோசிக்கவே இல்லையே," என்றேன்.

அவர் கேக்கை இரண்டு கையாலும் பத்திரமாக வாங்கி உள்ளே கொண்டு போய் வைத்து மூடினார். திரும்பி வந்து, "நாளிக்கி வந்துருங்க மேடம், வெட்டலாம்," என்றார்.

"நாளைக்கு அவர் பொறந்த நாள் இல்லையே ஐயா?"

"இருக்கட்டும். எங்க நைனா ஒரு நாள் லேட்டா பொறந்தாருன்னு வெச்சிகுங்க. வூட்டுக் கணக்குதானே?"